பத்தரை மணி பஸ்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

கேள்வி: வணக்கம் சார். எனக்கு முப்பத்திநாலு வயசு. கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. ரெண்டு வருஷமா போக்கர் ஆடறேன். முதல்ல போன்ல. 2025 ஆகஸ்ட்ல ஆப் எல்லாம் நின்னு போனதும், நாங்க அஞ்சு பேர் சனிக்கிழமை ராத்திரி நண்பன் வீட்டு மாடியில உட்கார ஆரம்பிச்சோம். ஆரம்பத்துல கையில நின்னுது. இப்போ பதினோரு வாரமா வரிசையா அடி. கணக்குப் பார்த்தா நாற்பதாயிரத்துக்கு மேல போயிருக்கும். ஆஸ் ஜோடி மூணு தடவை வந்துச்சு, மூணும் போச்சு. யாரும் சீட்டைப் போட்டுட்டு ஓடிடக் கூடாதுன்னு பந்தயத்தை ஏத்தாமத்தான் வச்சிருந்தேன். ஒருத்தன் ஏழும் நாலும் வச்சுக்கிட்டு கடைசிச் சீட்டுல ரெண்டு ஜோடி கட்டிட்டான். இப்போ நல்ல சீட்டு வந்தாலே கை நடுங்குது, கீழ வச்சிடறேன். அப்புறம் ஆத்திரத்துல குப்பைச் சீட்டுக்கு ஆல்-இன், அதாவது முன்னால இருக்கிற மொத்தப் பணத்தையும், போடறேன். நைட் ஷிஃப்ட் வாரம்னா இன்னும் மோசம். சூது தப்புங்கிற அறிவுரை வேண்டாம் சார், அது எங்க அப்பாகிட்டயே நிறைய கிடைக்குது. பழைய கவனமும் தன்னம்பிக்கையும் திரும்பி வர என்ன வழி? (சொசைட்டியில இருபதாயிரம் லோன் எடுத்திருக்கேன். வீட்டுக்குத் தெரியாது.)
— பெயர் வேண்டாம், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முப்பத்தோரு வருஷம் பேப்பர் திருத்திய கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவை எடுத்து நாலு இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். நீங்கள் கேட்ட தன்னம்பிக்கை அந்த நாலில் இல்லை.

முதல் கோடு, 'போயிருக்கும்' என்கிற சொல்லுக்கு. நான் தமிழ் வாத்தியார் இல்லை. ஆனாலும், போன பணத்தை 'போச்சு' என்று சொல்லாமல் 'போயிருக்கும்' என்று ஒருவர் எழுதினால், அவரிடம் கணக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். நாற்பதா, ஐம்பதா, முப்பத்திரண்டா? பதினோரு வாரத்தில் ஒரு சனிக்கிழமை கூடவா ஜெயிக்கவில்லை? உங்களுக்கே தெரியாது. தோற்றது மட்டும் மனசில் நிற்கிறது.

இதை ஒரு சின்னக் கணக்கில் காட்டிவிடுகிறேன். போக்கர் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வரி: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு நடுவில் பொதுவில், இந்த ஏழில் நல்ல ஐந்து யாருக்குச் சேருகிறதோ அவருக்குப் பணம். கைக்கு வரும் இரண்டும் ஆஸாக இருக்க 221-க்கு ஒரு வாய்ப்பு. வீட்டில் ஆடும்போது மணிக்கு இருபது, இருபத்திரண்டு பங்கு, அதாவது ஆட்டம், போடுவீர்கள். ராத்திரிக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் 130 பங்கு வரும். பதினோரு வாரத்துக்கு 1,430. சராசரியாக ஆறு தடவை ஆஸ் ஜோடி உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். நீங்கள் மூன்றுதான் சொல்கிறீர்கள். உண்மையிலேயே மூன்றுதான் வந்திருக்கலாம், சீட்டு அப்படியும் விழும். ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம். ஜெயித்த ஆஸ் இரண்டு மூன்று வந்து, சின்னப் பணத்தோடு முடிந்து, அன்றைக்கே மறந்து போயிருக்கலாம்.

இரண்டாவது கோடு, 'ஏத்தாமத்தான் வச்சிருந்தேன்'. இங்கேதான் பேனா கொஞ்சம் அழுத்தமாகப் பதிந்துவிட்டது.

எதிரில் ஒரே ஒருவர், அவர் கையில் எந்தச் சீட்டு வேண்டுமானாலும் இருக்கலாம், கடைசிச் சீட்டு வரை போகிறீர்கள் என்றால், ஆஸ் ஜோடி நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். எதிரில் இருவர் இருந்தால் 73 ஆகிவிடும். மூவர் என்றால் 64. நால்வர் என்றால் 56. சீட்டு அதேதான். எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் எண்ணிக்கைதான் மாறுகிறது. நீங்கள் ஏற்றாமல் வைத்ததால் நாலு பேரும் ஓசியில் உள்ளே வந்தார்கள். ஏழும் நாலும் வைத்திருந்தவர் நீங்கள் ஏற்றியிருந்தால் வந்திருப்பாரா? ஏழும் நாலும் தம்பி! அது கீழே வைக்க வேண்டிய சீட்டு. கதவைத் திறந்து, பாய் போட்டு, காபியும் கொடுத்து அவரை உட்கார வைத்தது நீங்கள்.

85 ஜெயிக்கிற கை தொடர்ந்து மூன்று தடவை தோற்க ஏறக்குறைய 300-க்கு ஒரு வாய்ப்பு. 56 ஜெயிக்கிற கை தொடர்ந்து மூன்று தடவை தோற்க 12-க்கு ஒரு வாய்ப்பு. 300-க்கு ஒன்று நமக்கு நடந்துவிட்டதே என்று நீங்கள் ராசியை நொந்துகொள்கிறீர்கள். நடந்தது 12-க்கு ஒன்றுதான்.

புத்தகக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கடிதம் வந்த மறுநாள் மதியம் ஒரு பழைய சீட்டுக்கட்டை எடுத்து, இஸ்பேட் ஆஸையும் கிளாவர் ஆஸையும் எனக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாலு பேருக்கும் கலைத்துப் போட்டுப் பார்த்தேன். 50 தடவை. 29 தடவை எனக்கு, 21 தடவை அந்த நாலு ஆவிகளில் யாராவது ஒருவருக்கு. காபி கொண்டுவந்த என் மனைவி, "ரிட்டயர்டு ஆனப்புறமும் வீட்டுப்பாடமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நீங்களும் இதைச் செய்து பாருங்கள். 'என் சீட்டுக்கு மட்டும் ஏன் இப்படி' என்ற எண்ணம் இருபதாவது பங்கிலேயே கழன்றுவிடும். ஐம்பது வார்த்தை ஆறுதல் செய்யாததை ஐம்பது பங்கு செய்யும்.

மூன்றாவது கோடு, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த நைட் ஷிஃப்ட். என் சொந்தக் கதை ஒன்று இங்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் எனக்கு கடலூரில் வேலை, வீடு புதுச்சேரியில். சனிக்கிழமை மாலை மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளப்பில் ரம்மி. நாங்கள் ஆடியது 13 சீட்டு, பாயிண்டுக்கு நாலணா. ஒரு வருஷம் செம அடி. ஜோக்கர் வரவில்லை, ஒரிஜினல் (ஜோக்கர் இல்லாத வரிசை) சேரவில்லை, சேர்ந்தால் எனக்கு முன்னால் ஒருவன் ஆட்டத்தை முடித்து டிக் அடிப்பான். நாற்காலி மாற்றினேன், சட்டை மாற்றினேன், ஒரு தடவை பாதிரிப்புலியூர் கோயில் விபூதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் ஆடினேன். (சாமி மன்னிக்கட்டும்.) கடைசியில் பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மணி எத்தனை, கைக்கு என்ன வந்தது, நான் என்ன செய்தேன், எத்தனை பாயிண்ட். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சிரித்தார்கள், வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார் என்று.

முந்நூறு ஆட்டம் எழுதிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பார்த்தேன். ராத்திரி பத்தரை வரைக்கும் நான் லாபத்தில் இருக்கிறேன். பெரிய லாபம் இல்லை, டீ பன் செலவு. பத்தரைக்கு மேல் ஒரு கோடு போட்டு அதற்குக் கீழே கூட்டினால், மாதச் சம்பளத்தில் கால்வாசி. அதென்ன பத்தரை? எனக்குப் புதுச்சேரிக்கு அப்போது பத்தரை மணி பஸ். அதை விட்டுவிட்டால் விடியற்காலைதான். பஸ்ஸை விட்ட நாட்களில் வேறு போக்கிடம் இல்லாமல் நாலு மணி வரை ஆடியிருக்கிறேன். கண் எரியும், போட்ட சீட்டு எது, எடுத்த சீட்டு எது என்று நினைவில் நிற்காது. முதல் சுற்றிலேயே ஸ்கூட் விட்டால், அதாவது ஆடாமல் விலகினால், 20 பாயிண்டோடு போகும். தூக்கக் கலக்கத்தில் 'பார்ப்போமே' என்று வைத்திருந்து 80 வாங்குவேன். நோட்டைப் பார்த்துவிட்டு மனைவி சொன்னாள்: "நீங்க சீட்டுல தோக்கல. பஸ்ஸுல தோக்கறீங்க."

அதற்கப்புறம் பத்து மணிக்கு எழுந்துவிடுவேன். நல்ல கை ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. தன்னம்பிக்கை என்று நீங்கள் சொல்வது எனக்குத் திரும்பி வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான், சீட்டு எதுவும் கையில் இல்லாதபோது. காரணம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் பஸ் நைட் ஷிஃப்ட். ஆறு ராத்திரி கண் விழித்துவிட்டு ஏழாவது ராத்திரி மாடிப்படி ஏறுகிறீர்கள். பிளான்ட்டில் அப்படிப்பட்ட ஆளை வால்வு பக்கம் விடுவார்களா?

கை நடுங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். போக்கர்காரர்கள் இதற்கு 'டில்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பின்பால் மெஷினிலிருந்து வந்த சொல். ஆத்திரத்தில் மெஷினைப் பிடித்து உலுக்கினால் 'டில்ட்' என்று விளக்கு எரிந்து மெஷின் வேலையை நிறுத்திவிடும். எங்கள் கிளப்பில் 'சூடாயிட்டான்' என்போம். பயந்து நல்ல சீட்டைக் கீழே வைப்பதும், ஆத்திரத்தில் குப்பைக்கு ஆல்-இன் போடுவதும் பார்க்க எதிரெதிராகத் தெரியும். இரண்டும் ஒரே சூடுதான். கையிலிருக்கும் இரண்டு சீட்டை நீங்கள் ஆடவில்லை, விட்ட நாற்பதாயிரத்தை ஆடுகிறீர்கள். 'விட்ட இடத்துலதான் பிடிக்கணும்' என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டே, அதைச் சொன்னவன் எவனோ கிளப் நடத்தியவனாகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மண் திடல். சாயங்காலம் சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த பெரியவர்கள், பெத்தாங்க் ஆடுவார்கள். ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் ஒரு சின்ன மரக்குண்டு, அதற்குப் பக்கத்தில் இரும்புக் குண்டை எறிய வேண்டும். அதில் எழுபது தாண்டிய ஒருவர், ஒவ்வொரு எறிக்கும் முன்னால் குண்டைத் துணியால் துடைப்பார். சுத்தமாக இருந்தாலும் துடைப்பார். நன்றாக எறிந்த பிறகும், கேவலமாக எறிந்த பிறகும் அதே துடைப்பு. ஒரு நாள் கேட்டேன். "அழுக்குக்கு இல்ல வாத்தியாரே. பத்து தேய்ப்பு. அதுக்குள்ள முந்தின குண்டு மனசுல இருந்து எறங்கிடும்" என்றார்.

அதேபோல ஒன்று உங்களுக்கும் வேண்டும். சீட்டைப் பார்த்ததும் குப்புற வைத்துவிடுங்கள். நடுவில் எவ்வளவு பணம், எனக்கு அப்புறம் பந்தயம் பேச எத்தனை பேர், இந்தக் கைக்கு அதிகபட்சம் எவ்வளவு போடுவேன் என்று மூன்று எண்ணை மனசுக்குள் சொல்லுங்கள். பிறகு பேசுங்கள். முதல் நாள் அசட்டுத்தனமாக இருக்கும். சக ஆட்டக்காரர்கள் 'என்னடா தியானமா' என்பார்கள். பரவாயில்லை. கவனம் என்பது அந்த மூன்று எண்தான், நெற்றியைச் சுருக்குவது இல்லை.

நோட்டில் ஒரே ஒரு விஷயம் என் நோட்டை விட வித்தியாசமாக எழுதுங்கள். ஜெயித்தேனா தோற்றேனா என்பதைக் கடைசிப் பக்கத்தில் தனியாகப் போடுங்கள். ஆட்டத்துக்கு எதிரே 'மறுபடி வந்தால் இப்படியே செய்வேனா' என்று மட்டும் ஒரு டிக் அல்லது ஒரு பெருக்கல் குறி. ஏற்றி ஆடி ஆஸ் தோற்றால் அதற்கு டிக். ஏழும் நாலும் வைத்துக்கொண்டு ஜெயித்தால் அதற்குப் பெருக்கல். இதில் நேர்மையாக இருப்பது கஷ்டம். ஜெயித்த ஆட்டத்துக்குப் பெருக்கல் போட எனக்கே இரண்டு மாதம் ஆயிற்று.

நாலாவது கோடு அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. சாதாரணமாக அடைப்புக்குறிக்குள்தான் ஆட்கள் விஷயத்தை வைப்பார்கள். சொசைட்டி லோன் இருபதாயிரம், வீட்டுக்குத் தெரியாது. தம்பி, நீங்கள் அறிவுரை வேண்டாம் என்றீர்கள், இது கணக்கு. வட்டி ஓடுகிற பணத்தை வைத்துக்கொண்டு ஆடுகிறவருக்கு ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்ற முடியாது. ஒவ்வொரு சிப்பிலும் தவணை எழுதியிருக்கும். நடுக்கத்தில் பாதி அதுதான். லோன் முடிகிற வரை அந்த மாடிக்குப் போகாதீர்கள். இந்த மாதச் சம்பளம் வருவதற்குள் உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். சொசைட்டி பிடித்தம் சம்பளச் சீட்டில் தெரியத்தான் போகிறது, அவர் பார்த்துக் கேட்பதற்கு முன் நீங்கள் சொல்வது நல்லது. அதுவரை வீட்டிலேயே புளியங்கொட்டையை வைத்து அந்த 50 பங்கைப் போடுங்கள். மச்சான் இருந்தால் அவரையும் உட்கார வையுங்கள்.

லோன் முடிந்து திரும்பப் போகும் நாளில், பந்தயத் தொகையை அஞ்சில் ஒரு பங்காகக் குறைக்கச் சொல்லுங்கள். நண்பர்கள் முடியாது என்றால் அவர்களுக்கு உங்கள் சிநேகத்தை விட உங்கள் சம்பளம் பிடித்திருக்கிறது என்று பொருள். இன்னொன்று: வீட்டுக்காரர் ஒவ்வொரு ஆட்டத்திலும் தனக்கென்று பங்கு எடுக்கிறாரா என்று பாருங்கள். ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-இல் சொன்ன அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இடம் கொடுத்தவர் ஆட்டத்தில் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் சொன்னது. அப்படி எடுத்தால் அந்த வீட்டுப் பக்கமே வேண்டாம்.

கேள்வி: என் கணவர் போனில் ரம்மி ஆடிப் பணம் விட்டார். தடை வந்துவிட்டது, இனி ஆட மாட்டேன் என்றார். இப்போது வேறு ஏதோ ஆப், நண்பர் லிங்க் அனுப்பினார் என்கிறார். கேட்டால் 'ரம்மி திறமை ஆட்டம், கோர்ட்டே சொல்லியிருக்கு' என்கிறார். உண்மையா?
— ஒரு வாசகி, வில்லியனூர்

பதில்: பாதி உண்மை அம்மா, பழைய பாதி. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எல்லாவற்றையும் சேர்த்துத் தடுக்கிறது. மத்திய சட்டம், புதுச்சேரிக்கும் பொருந்தும். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அதனால்தான் உங்கள் கணவர் தைரியமாக லிங்கைத் தட்டுகிறார். அவர் யோசிக்காத விஷயம், சட்டத்துக்கு வெளியே நடக்கிற ஆப்பில் ஜெயித்த பணம் வரவில்லை என்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது.

நிறுத்துகிறேன் என்று சொல்லி நிறுத்த முடியாமல் போவது, திட்டிச் சரியாகிற விஷயம் இல்லை. 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உங்களுக்கு ஜிப்மர் பக்கம்தான், அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் தடவை நீங்கள் மட்டும் போய்ப் பேசினாலும் தப்பில்லை.

கேள்வி: தொடர்ந்து ஆறு தடவை தோற்றவனுக்கு ஏழாவது தடவை ஜெயிக்கும் வாய்ப்பு கூடுதல்தானே?
— நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: இல்லை. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேரிடம் காசைக் கொடுத்து 200 தடவை சுண்டிப் பூவா தலையா எழுதச் சொல்வேன். மீதிப் பேர் சுண்டாமல் மனசிலிருந்து எழுத வேண்டும். தாளைப் பார்த்ததும் யார் சுண்டினார்கள், யார் கதை விட்டார்கள் என்று சொல்லிவிடுவேன். கதை விட்டவன் தாளில் தொடர்ந்து ஆறு பூ இருக்காது. எழுத அவனுக்கு மனசு வராது. காசுக்கு அந்தக் கூச்சம் இல்லை. 1913-இல் மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில், சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட ரூலெட் சக்கரத்தில் குண்டு தொடர்ந்து 26 தடவை கறுப்பில் விழுந்தது. இனி சிவப்புதான் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் கொட்டியவர்கள் எல்லாரும் உங்களைப் போல நினைத்தவர்கள்தான்.

கேள்வி: வாத்தியார் இப்போதும் சீட்டு ஆடுவதுண்டா?
— முதுநகர் வாசகர்

பதில்: உண்டு. ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்கு அப்புறம், மனைவியோடு. பாயிண்டுக்கு ஒரு புளியங்கொட்டை. இன்றைய தேதிக்கு 412 கொட்டை நான் பாக்கி. அவளும் நோட்டுப் போட்டு எழுதுகிறாள்.